எட்டுப் புள்ளி வரை குறையில்லை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986, பதின்மூன்றாவது பிரிவு. எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகாரைத் தீர்த்துவைக்க முயல வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முயல வேண்டும். சோதனைக்கூடம் தன் அறிக்கையை நாற்பத்தைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். கால நீட்டிப்புக் கொடுத்தால் நீட்டித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

இதை எழுதியவர்கள் விவரமானவர்கள். ‘தீர்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால், தீராதபோது யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். ‘முயல வேண்டும்’ என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் முயன்றுவிட்டு ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போகலாம்.

நான் இதைக் கேலியாகச் சொல்வதற்கு எனக்கு அருகதை உண்டா என்பது வேறு கேள்வி. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற மனுவில் முத்திரை சரியா, கையெழுத்து சரியா, காலக்கெடுவுக்குள் வந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் எண் கொடுப்பதும் இல்லையென்றால் திருப்புவதும் என் வேலை. முப்பத்து மூன்று வருடத்தில், எண் கொடுத்ததைவிடத் திருப்பியதில்தான் எனக்குப் பெயர் அதிகம்.

2008ஆம் ஆண்டு கோடையில் என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கட்டைப் பிரித்த மறுநாள் காலையில் அவள் முதல் காரியமாக என் முகத்தை உற்றுப் பார்த்து, “இம்புட்டு வயசாயிருச்சா உங்களுக்கு?” என்று கேட்டாள். பிறகு விட்டத்து ஒட்டடையைப் பார்த்தாள். பாத்திரத்தின் அடியில் இருந்த கரியைப் பார்த்தாள். வீட்டு வேலை செய்ய வருகிற பெண் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண் ஆபரேஷன் செய்யாத வீடாகப் பார்த்துப் போய்விட்டாள்.

கண் சரியானதும் நல்ல டிவி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பழைய டிவி குழாய் டிவி. மேலே தட்டினால் படம் வரும், பக்கவாட்டில் தட்டினால் சத்தம் வரும். சுவரில் மாட்டுகிற எல்.சி.டி. டிவி அப்போதுதான் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கியிருந்தது. ஆடித் தள்ளுபடியில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மாசி வீதி ஒன்றில் இருந்த கடைக்கு நான் மட்டும் போனேன். கூட்டம் எதிரே வருகிறவரைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்கிற அளவில் இருந்தது.

விற்பனையாளர் பில் போடும்போது ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, பெட்டியை இன்னைக்கே அனுப்பவா, ஆவணிக்கா?”

“ஆவணிக்குன்னா?”

“பில்லு இன்னைக்குப் போட்டுருவோம், தள்ளுபடி கெடைச்சுரும். பெட்டி எங்க குடோன்ல இருக்கும். ஆவணி பொறந்ததும் நல்ல நேரத்துல வீட்டுக்கு வந்துரும். ஆடியில புதுச் சாமான் வீட்டுக்குள்ள போகக்கூடாதும்பாங்கள்ல? பாதிப் பேரு அப்படித்தான்யா வாங்குறாங்க.”

பணத்தை இன்று கொடுத்துவிட்டுப் பொருளை ஒரு மாதம் கழித்து வாங்குவது எந்த நடைமுறையில் சேர்த்தி? குடோனில் எலி கடித்தால் யார் பொறுப்பு? கடை திவாலானால் பெட்டி யாருடையது? இதையெல்லாம் நான் வாய்விட்டே கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “சரிங்கய்யா, இன்னைக்கே அனுப்பிருவோம்” என்றார். பொருளைக் கையில் வாங்காமல் பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போடாதே என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தால்தான் கெட்டேன்.

அன்று சாயங்காலமே பெட்டி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி வாசலிலேயே நின்றாள்.

“ஆடியில கொண்டாந்துட்டீகளா?”

“தள்ளுபடி ஆடியிலதான குடுக்கான்.”

“சரி, ஓரமா வைங்க. ஆவணி பொறக்கட்டும், பிரிப்போம்.”

நான் பில்லைத் திருப்பிப் பார்த்தேன். வெளிறிய சாம்பல் நிறத்தில், கடுகை வரிசையாக அடுக்கியது போன்ற எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. நான்காவது நிபந்தனை: பொருளில் குறை இருந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் புதியது மாற்றித் தரப்படும். ஆறாவது நிபந்தனை: பெட்டியைக் கம்பெனியின் பிரதிநிதி வந்துதான் பிரிக்க வேண்டும், வாங்கியவரே பிரித்தால் உத்தரவாதம் செல்லாது.

உடனே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

“ஆவணி ஒண்ணாந்தேதி போட்டுக்கறேன் சார்.”

“நாளைக்கே வரச் சொல்லும்மா. ஏழு நாள்தான் கெடு.”

“ஆடியில யாரு சார் பிரிப்பாங்க? எங்காளுங்க எல்லாம் லீவு போட்டு ஊருக்குக் கெடா வெட்டப் போயிட்டாங்க. ஆவணியிலதான் சார் வருவாங்க.”

ஆக, ஏழு நாளுக்குள் குறையைச் சொல்ல வேண்டும். குறையைப் பார்க்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டியவர் கிடா விருந்தில் இருக்கிறார். மூன்றும் ஒரே கம்பெனியின் விதிகள். மூன்றையும் மூன்று பேர் மூன்று அறைகளில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். காலக்கெடு தவறியது என்று எழுதி எத்தனையோ மனுக்களைத் திருப்பிய நான், என் வீட்டுக் கூடத்தில் ஒரு காலக்கெடு நாளுக்கு ஒன்றாகத் தவறுவதை ஈசிச்சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து மனைவி அதில் கீரை ஆய்ந்தாள்.

ஆவணி ஒன்றாம் தேதி சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். முப்பது வயது இருக்கும். மீசைக்குக் கொடுத்த கவனத்தைச் சட்டைப் பொத்தானுக்குக் கொடுக்காதவர். பெட்டியைப் பிரித்து, சுவரில் துளை போட்டு, டிவியை மாட்டிப் படத்தை வரவழைத்தார். நீலமாக ஒரு திரை வந்தது.

“தம்பி, அந்தா அது என்னது, எள்ளு மாதிரி?” என்றாள் மனைவி.

“எங்கம்மா?”

“எடது பக்கம் கீழ. அந்தா, அதுக்கு மேல இன்னொண்ணு.”

அவர் துணியை எடுத்துத் துடைத்தார். “தூசிம்மா.”

“தூசின்னா தொடச்சா போகணும்ல?”

“போயிரும்மா, நாலு நாள் ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்தார். அன்று அவருக்கு ஊர் முழுக்கப் பெட்டிகள் காத்திருந்தன.

நாலு நாள் ஓடியது. புள்ளிகள் போகவில்லை. எந்தச் சேனலைத் திருப்பினாலும் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு ஒரே இடத்தில் மச்சம் இருந்தது. கிரிக்கெட்டில் பந்து தடுப்பவர் ஒருவர் கூடுதலாக நின்றார். இதையெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணிலும் புரை உண்டு. ஆபரேஷனை நான் மூன்று வருடமாக ஒத்திவைத்துக்கொண்டு வந்தேன். ஒத்திவைப்பதும் கோர்ட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம்தான். கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தபோது ஐந்து கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவள் ஏழு என்றாள்.

கடைக்குப் போனேன். மேலாளர் உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார். மோர் கொடுக்கிற கடையில் வேறெதுவும் கிடைக்காது என்பது என் அனுபவம்.

“பில்லுக்குப் பின்னாடி பாத்தீங்களாய்யா?”

“பாத்தேன். ஏழு நாள்.”

“அப்ப நீங்களே சொல்லிட்டீங்க.”

“பெட்டியைக் கம்பெனி ஆளுதான பிரிக்கணும்?”

“ஆமாய்யா.”

“அவரு ஆவணியிலதான வாராரு?”

“ஆமா. ஆடியில யாரு பிரிப்பா?”

“அப்ப ஏழு நாளுக்குள்ள குறை இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “நல்ல கேள்விதான்யா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார். பிறகு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றச் சொன்னார்.

யாரும் ஏன் கேட்டதில்லை என்பது மறுநாளே தெரிந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சௌராஷ்டிரர். பட்டுச் சேலை மொத்த வியாபாரம். அதே கடையில் அதே வாரத்தில் அதே டிவியை வாங்கியிருக்கிறார். கடைக்காரர் கேட்டபோது ஆவணிக்கே அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் டிவியிலும் புள்ளிகள் இருந்திருக்கின்றன. ஆனால் அவருக்கு டிவியை ஒப்படைத்த நாள் ஆவணி இரண்டு. நாலாம் நாள் போன் செய்தார், ஒன்பதாம் நாள் புது டிவி வந்து இறங்கியது.

“எனக்கு இந்த ரூலு கீலு எல்லாம் ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றார், மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு. “ஆவணிக்குக் கொண்டாடான்னேன், கொண்டாந்தான். கெட்டுப்போச்சுடான்னேன், மாத்திட்டுப் போனான். நீங்க கோர்ட்டுல இருந்தவரு, உங்களுக்கு எம்புட்டுத் தெரியும்! உங்களையே சுத்தல்ல விட்டுட்டானே?”

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நான் அன்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

உத்தரவாதம் ஒரு வருடம் இருக்கிறதே, மாற்றித் தராவிட்டால் பழுதாவது பார்த்துக் கொடுக்க வேண்டுமே என்று சர்வீஸ் சென்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அதே இன்ஜினியர் வந்தார். மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். போன தடவை சொன்னதை நம்பாதவருக்கு இந்தத் தடவை ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்று முன்கதையும் சொன்னாள்: இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, டாக்டரே மெச்சினார், இப்போது எறும்பின் கால்கூடத் தெரிகிறது. திரையை வெள்ளையாக வைக்கச் சொல்லிவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி எடுத்து, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் காட்டினாள். அவரும் விரல்விட்டு எண்ணினார்.

“ஏழு. சரிதாம்மா, ஏழு இருக்கு.”

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐந்து என்று சொன்ன எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

“அப்ப எழுதிக்கங்க தம்பி.”

“எழுத முடியாதும்மா. எட்டுப் புள்ளி வரைக்கும் கம்பெனி கணக்குல குறை கெடையாது.”

“சரி. ஏழு புள்ளி இருக்கு, ஆனா குறை இல்லைன்னு எழுதுங்க.”

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “பாருங்கம்மா, ரெண்டே கட்டந்தான். ‘குறை உண்டு’, ‘குறை இல்லை.’ நீங்க சொல்றதுக்குக் கட்டம் இல்ல.”

கட்டம் இல்லாததால் உலகத்தில் இல்லாமல் போன விஷயங்கள் எத்தனை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவர் ‘குறை இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கீழே ‘குறிப்பு’ என்று இரண்டு வரிக்கு இடம் இருந்தது. ஏதோ எழுதினார், ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தார், காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். ‘வாடிக்கையாளரின் மனைவிக்கு அண்மையில் இரு கண்களிலும் அறுவை சிகிச்சை நடந்துள்ளது. திரையில் புள்ளிகள் தெரிவதாகக் கூறுகிறார்.’

“என் வீட்டுக் காப்பியைக் குடிச்சுப்பிட்டு, என் கண்ணு நொள்ளைன்னு எழுதிட்டுப் போயிருக்கான்.”

“அப்படி எழுதல. ஆபரேஷன் நடந்துச்சுன்னு மட்டும்...”

“நீங்க சும்மா இருங்க. படிக்கிறவன் அப்படித்தான் நெனைப்பான். அதுக்குத்தான எழுதியிருக்கான்?”

சட்டம் படிக்காதவளுக்கு அது உடனே புரிந்தது. எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வெளியே தைரியமாகப் பேசினாலும், எழுத்தில் வந்ததும் அவளுக்கே ஒரு பயம் தட்டியிருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன சிலருக்குக் கண்ணுக்குள் புள்ளிகள் மிதப்பது உண்டு, கண்ணை அசைத்தால் கூடவே அசையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “நான் கண்ணை ஆட்டுனா அது ஆடல சார், டிவியை ஆட்டுனாத்தான் ஆடுது” என்று இவள் சொல்லியிருக்கிறாள். டாக்டர் சிரித்துவிட்டுச் சோதித்துப் பார்த்து, பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

“அப்புறம் என்ன? டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரே” என்றேன்.

“கண்ணு நல்லாருக்குன்னு எழுதியிருக்காரு. டிவியில புள்ளி இருக்குன்னு எழுதலையே?” டாக்டர் கொடுத்த தாளை மடித்துப் பில்லோடு சேர்த்து வைத்தாள். “இந்தா பாருங்க. டிவியை மாத்தித் தராட்டிப் போறான். புள்ளி இருக்குன்னு ஒருத்தன் எழுதித் தரணும். பேப்பர்ல வந்ததைப் பேப்பர்லதான் அழிக்கணும்.”

எனக்குக் கல்யாணமாகி அப்போது முப்பத்தாறு வருடம். அத்தனை வருடமும் இந்த வீட்டில் சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனிக்கும் கடைக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டு ஒப்புகைச் சீட்டுகளும் அழகான கையெழுத்தோடு திரும்பி வந்தன. பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அதற்கும் ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்தது. கம்பெனியில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவரும் பதில் எழுதத் தெரியாத பலரும் இருந்தார்கள் என்று முடிவு செய்துகொண்டு, கார்த்திகை மாதத்தில் நுகர்வோர் மன்றத்தில் புகார் மனு கொடுத்தேன். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. என் மனுவை எழுத எனக்கு எதற்கு வக்கீல்?

பத்து நாளில் மனு திரும்பி வந்தது. ‘ஆவணப் பட்டியலில் நான்காவது ஆவணத்துக்குப் பக்க எண் இடப்படவில்லை. திருப்பப்படுகிறது.’ சொல்லுக்குச் சொல் நான் எழுதுகிற வாசகம். நேரில் போனேன். எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்தவுகதானே? உங்ககிட்ட என் மச்சான் மனு நாலு தடவை திரும்பியிருக்கு சார்.”

“அப்படியா? என்ன குறை?”

“பக்க எண்தான் சார்.”

அவர் குரலில் வன்மம் துளிகூட இல்லை. அதுதான் வலித்தது. அங்கேயே நின்று பக்க எண் போட்டுக் கொடுத்தேன். எண் கிடைத்தது.

எதிர்தரப்பு முப்பது நாளுக்குள் பதிலுரை தர வேண்டும்; மன்றம் விரும்பினால் இன்னும் பதினைந்து நாள் தரலாம். கம்பெனி முப்பதையும் பதினைந்தையும் வாங்கிக்கொண்டு கடைசி நாளில் பதிலுரை தாக்கல் செய்தது. அதில் இன்ஜினியரின் குறிப்பு வளர்ந்து பெரிய ஆளாகியிருந்தது. ‘மனுதாரரின் மனைவிக்கு உள்ள பார்வைக் குறைபாட்டின் காரணமாக, திரையில் இல்லாத புள்ளிகள் இருப்பதாகக் கற்பனை செய்யப்படுகிறது.’ இரண்டு வரிக் குறிப்பில் கண் ஆபரேஷன். பதிலுரையில் பார்வைக் குறைபாடு. மேல்முறையீடு என்று ஒன்று போயிருந்தால் அவளுக்குக் கண்ணே இல்லாமல் போயிருக்கும்.

விசாரணை நாளில் அவளும் வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். கம்பெனியின் வக்கீல் என்னைக் கேட்டார்.

“புள்ளிகளை நீங்களே பார்த்தீர்களா?”

“பூதக்கண்ணாடி வைத்து ஐந்து பார்த்தேன்.”

“உங்கள் மனைவி ஏழு என்கிறார். நீங்கள் ஐந்து என்கிறீர்கள். எங்கள் இன்ஜினியர் இல்லை என்கிறார்.” மன்றத் தலைவரின் பக்கம் திரும்பினார். “ஆளுக்கு ஒரு கணக்கு ஐயா.”

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அவரும் ஏழுன்னுதாங்க எண்ணுனாரு” என்றாள் என் மனைவி. “விரலை விட்டு எண்ணுனாரு. எழுதத்தான் கட்டம் இல்லைன்னாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு அவளை உட்காரச் சொன்னார். சிரிப்பு பதிவேட்டில் ஏறுவதில்லை. அவள் சொன்னதும் ஏறவில்லை. ஆனால் தலைவர் நியாயமான மனிதர். வாய்ப் பேச்சு போதும், டிவியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று உத்தரவு போட்டார்.

பதின்மூன்றாவது பிரிவின்படி, சோதனைக்குப் போகிற பொருளை மன்றமே முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். இதை எழுதியவர்களின் மனதில் ஒரு எண்ணெய்ப் புட்டியோ மிளகாய்த்தூள் பொட்டலமோ இருந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு அங்குல டிவி வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை. சுவரிலிருந்து கழற்றி, பழைய பெட்டியிலேயே வைத்து ஆட்டோவில் ஏற்றினோம். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது ஓட்டுநர், “அண்ணே, புதுசா வாங்கிட்டுப் போறீகளா?” என்று கேட்டார். இது கோர்ட்டுக்குப் போகிற டிவி என்றேன். அதற்குப் பிறகு அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

மன்றத்தில் காடாத் துணி வாங்கி வரச் சொன்னார்கள். எட்டு முழம் பற்றவில்லை; இன்னும் நாலு முழம் வாங்கி வந்தேன். பார்சல் தைக்கிறவர் வந்து கோணி ஊசியால் சுற்றிலும் தைத்தார். எழுத்தர் மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, தையல் முடிச்சு ஒவ்வொன்றின் மேலும் சொட்டவிட்டு முத்திரையைக் குத்தினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். அவ்வளவு வெள்ளையும் சிவப்புமாக, பார்ப்பதற்கு ஒரு பெரிய மனிதரின் கடைசி யாத்திரை மாதிரி இருந்தது.

பார்சல் வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குப் போனது. நாற்பத்தைந்து நாளை நான் நாள்காட்டியில் குறித்துவைத்தேன். நாற்பத்து மூன்றாம் நாள் சோதனைக்கூடத்திலிருந்து மன்றத்துக்குக் கடிதம் வந்தது. டிவியை இயக்கிப் பார்ப்பதற்கான ரிமோட் பொருளோடு அனுப்பப்படவில்லை, எனவே சோதனையைத் தொடங்க இயலவில்லை. உத்தரவில் ‘தொலைக்காட்சிப் பெட்டியை அனுப்புக’ என்று மட்டுமே இருந்தது. ரிமோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. டிவியிலேயே பொத்தான்கள் இருந்தன. ஆனால் பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம் என்று யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. திரும்பவும் காடாத் துணி. இந்தத் தடவை அரை முழம். ரிமோட்டைப் பொட்டலமாகத் தைத்து, அதற்கும் நாலு முத்திரை குத்தி அனுப்பினோம். நாற்பத்தைந்து நாள் முதலிலிருந்து தொடங்கியது. பிறகு சோதனைக்கூடம் கால நீட்டிப்புக் கேட்டது. பிறகு இன்னொரு தடவை கேட்டது.

எங்கள் வீட்டுச் சுவரில் நாலு துளைகள் மட்டும் இருந்தன. பழைய டிவியைப் பரிமாற்றத்தில் கொடுத்துவிட்டதால் அதுவும் இல்லை. மனைவி சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். முதல் நாள் போய்விட்டு வந்து, “அங்க சுத்தமா இருக்குங்க. ஒரு புள்ளி இல்ல” என்றாள். அப்படியென்றால் உன் கண்ணில் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம், இனி எதற்கு இந்த வழக்கு, ஏதாவது சின்னதாக ஒரு டிவி வாங்கிவிடலாமே என்று கேட்டேன். அலுப்பு அவளுக்கு முன்னால் எனக்குத்தான் வந்திருந்தது.

“எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியும். அந்தப் பதில்ல என்ன எழுதியிருக்கு? கற்பனைன்னு எழுதியிருக்கு. அது கோர்ட்டுக் கட்டுல காலத்துக்கும் கெடக்கும்ல? உங்க கோர்ட்டுக் கட்டுகளையெல்லாம் நீங்க எரிச்சீகளா?”

எரிக்கவில்லை. நிரந்தரப் பதிவுகள் எரிக்கப்படுவதில்லை.

அதற்குப் பிறகு நான் மாதத்துக்கு ஒரு தடவை மன்றத்துக்குப் போய் அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டேன். எழுத்தர் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தபால் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார். அந்த மரியாதையை நான் என் காலத்தில் ஒருவருக்கும் செய்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்னொரு ஆடி வந்து போனது. கடைக்காரர்கள் தள்ளுபடி விளம்பரத் துணியைத் தெருவுக்குக் குறுக்கே கட்டினார்கள், அவிழ்த்தார்கள். உத்தரவாதத்தின் ஒரு வருடமும் அதோடு முடிந்துபோனது. முடிந்த அன்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உத்தரவாதத்தை நீட்டித்துக்கொள்ளப் பணம் கட்டும்படி அன்போடு அழைத்திருந்தார்கள்.

கடைசியில் அறிக்கை மன்றத்துக்கு வந்து, அதன் நகலை மன்றம் இரண்டு தரப்புக்கும் தபாலில் அனுப்பியது. மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. முத்திரைகள் சிதையாமல் இருந்தன என்பது முதல் பத்தி. ரிமோட் தனியாக வரப்பெற்றது என்பது இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தியில், திரையில் பதினொரு புள்ளிகள் நிரந்தரமாகச் செயலிழந்துள்ளன, இது தயாரிப்பின்போதே ஏற்பட்ட குறை என்று எழுதியிருந்தது.

“எந்த வரி?” என்று கேட்டாள். காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

“பதினொண்ணா?”

“ஆமா. கம்பெனி கணக்குக்கே மூணு கூடுதல்.”

“அது மெஷின் வச்சுப் பாத்துருப்பான். வெறுங்கண்ணுக்கு ஏழுதான்” என்றாள். தான் நாலைத் தவறவிட்டதை அவள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. “இதுல ஒரு நகல் எடுத்து அந்த இன்ஜினியர் தம்பிக்கு அனுப்புங்க. ஒப்புகைச் சீட்டு வச்சு அனுப்புங்க.”

அனுப்பினேன். வழக்கு அதற்குப் பிறகும் வாய்தா வாய்தாவாக நடந்தது. அது எனக்கும் கம்பெனிக்கும் உள்ள பாடு. அவள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு வர வேண்டிய பதில் அந்த அறிக்கையோடு, 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிட்டது.